பதினேழாம் பக்கத்து மேடைக்குறிப்பு

நான் எந்தப் பிரதியையும் சாப்பிட்ட வயிற்றோடு வாசிப்பதில்லை. வயிறு நிறைந்திருந்தால் எல்லாப் பாத்திரங்களும் நல்லவர்களாகத் தெரிவார்கள், நித்திரையும் வந்துவிடும். காலையில் ஒரு வெறும் தேத்தண்ணீர், தொட்டுக்கொள்ள உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, அவ்வளவுதான். நிரூபா, உன் கடிதத்தில் நீ கேட்ட முதல் கேள்விக்கு இதுதான் முதல் பதில். உன் மாணவர்களுக்கும் சொல்.

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டதால் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நாளாக வாசித்தேன். நீ இப்போது பிள்ளைகளுக்கு நாடகம் படிப்பிக்கிறாய். உன் 'சாக்கு' நாடகத்தை நீயே நெறியாள்கை செய்து திரும்பவும் மேடையேற்றப் போகிறாய். ஒரு பிரதி கையில் கிடைத்தால் இராசையா சேர் அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பார் என்று உன் பிள்ளைகள் கேட்கிறார்களாம். உன்னிடம் இருந்த கையெழுத்துப் பிரதி வெள்ளத்தில் போய்விட்டது, பென்சில் குறிப்புகளோடு என்னிடம் இருப்பதை அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறாய். பதினேழாம் பக்கத்தில் நான் ஏதோ ஒரு குறிப்பை வெட்டியது ஞாபகம், என்ன குறிப்பு என்று மட்டும் ஞாபகம் இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். அம்மா போன வருடம் தவறிப்போனதைக் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருந்தாய். சுபாஜினி நல்ல மனுசி. கேள்விப்பட்டு எனக்கு மெய்யாகவே கவலையாக இருந்தது.

கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். எல்லாவற்றையும் முறைப்படி சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

நான் ஒரு பிரதியை மூன்று தரம் வாசிப்பேன். முதல் தரம் கையில் பென்சில் இருக்கக் கூடாது. சந்தையில் கதை கேட்கிற ஆள் மாதிரி, அடுத்து என்ன நடந்தது, அடுத்து என்ன நடந்தது என்று மட்டும் போவேன். எங்கே கொட்டாவி வருகிறது, எங்கே தேத்தண்ணீர் ஆறிப்போவதை மறக்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்வேன். இரண்டாம் தரம் நீலப் பென்சில். ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்கும் பக்கத்தில் இரண்டு விசயம் எழுதுவேன்: இவனுக்கு என்ன வேண்டும், அதை யார் மறிக்கிறார்கள். இதை எழுத முடியாவிட்டால் அந்தப் பாத்திரம் மேடையில் விறைத்த மீன் மாதிரிக் கிடக்கும். இந்த இரண்டையும் எல்லா நெறியாளர்களும் செய்வார்கள்.

மூன்றாம் தரம் சிவப்புப் பென்சில். இது என்னுடைய சொந்த முறை, எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கற்றதில்லை. ஒவ்வொரு வரியாகப் போய், இது எழுதினவர் கற்பனை பண்ணியதா, கண்டதா என்று பார்ப்பேன். கற்பனையென்றால் விட்டுவிடுவேன். கண்டதென்றால் பக்கத்தில் 'கண்டது' என்று எழுதுவேன். எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்பாய். கற்பனை பண்ணி எழுதும்போது எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். அழுகிறவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள், கோபக்காரன் கதிரையைத் தள்ளுவான். கண்டதை எழுதும்போது, எழுதுகிறவருக்கே காரணம் தெரியாத ஒரு சின்னச் சங்கதி உள்ளே வந்து குந்திக்கொள்ளும். அதை எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒரு குறையும் வராது. ஆனாலும் அதை எழுதாமல் இருக்க அந்த ஆளால் முடிந்திருக்காது.

உன் பிரதி எனக்குக் கிடைத்தது இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். உனக்குப் பதினெட்டு வயது. சண்டை முடிந்து நாலு வருடம் ஆகியும் உன் அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. உன் அப்பா யோகேஸ்வரனைப் பிடித்துக்கொண்டு போனபோது உனக்குப் பன்னிரண்டு. அந்தச் சம்பவத்தைத்தான் நாடகமாக எழுதியிருந்தாய். ஊரைச் சுற்றி வளைக்கிறார்கள். ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள். தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வைத்து, ஒரு தலையாட்டியைக் கூட்டிவருகிறார்கள். அவன் யாருக்கு முன்னால் நின்று தலையை ஆட்டுகிறானோ அந்த ஆளை வாகனத்தில் ஏற்றுகிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சிறுமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மிச்ச நாடகம் முழுக்க அந்தச் சிறுமி கேட்கிற ஒரே கேள்வி, சாக்குக்குள் இருந்தது யார்.

முதல் தரம் வாசித்தபோது தேத்தண்ணீர் ஆறிப்போனது. நல்ல பிரதி. இதை நான் முகத்துக்காகச் சொல்லவில்லை.

நீலப் பென்சிலில் சிறுமிக்குப் பக்கத்தில் 'பெயர் வேண்டும்' என்று எழுதினேன். 'மறிப்பவர்' என்ற இடத்தில் முதலில் 'ஊர்' என்று எழுதிப் பிறகு அழித்தேன். சிவப்புப் பென்சிலோடு மூன்றாம் தரம் வந்தபோது பதினேழாம் பக்கத்தில் இந்த மேடைக்குறிப்பு இருந்தது:

'சாக்குக்காரன் ஒருவர் முன் நிற்கிறான். நடுவிரலால் மூக்கின் மேற்புறத்தை இரண்டு தரம் தொடுகிறான். பிறகு தலையாட்டுகிறான்.'

பக்கத்தில் 'கண்டது' என்று எழுதினேன். கை தானாகவே எழுதிவிட்டது. பிறகு பென்சிலை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியையும் கழற்றிக் கழுவினேன்.

அடுத்த சனிக்கிழமை வாசிகசாலையில் முதல் வாசிப்பு வைத்தோம். உனக்கு ஞாபகம் இருக்கும், வட்டமாகக் கதிரை போட்டு இருந்தோம். சாக்குக்காரனுக்கு மதுரங்குளி அஸ்ஹானை எடுத்திருந்தேன். முகத்தை மூடிவிட்டாலும் உடம்பால் பேசத் தெரிந்த பொடியன் அந்தப் பக்கத்தில் அவன் ஒருவன்தான். அவன் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு முறைப்பாடு சொன்னான்.

"சேர், இந்தாளுக்கு ஒரு வசனமும் இல்லயே. தலய மட்டும் ஆட்டுற. இத வச்சி நான் என்னத்த நடிக்கிற?"

"எழுதியிருக்கிறதச் செஞ்சு காட்டு பாப்பம்" என்றேன்.

அவன் எழும்பி நின்றான். நடுவிரலைக் கொண்டுபோய் மூக்கின் மேற்புறத்தில் இரண்டு தரம் தொட்டான். பெண்பிள்ளைகள் இருவர் களுக்கென்று சிரித்தார்கள். அஸ்ஹானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இது அச்சொட்டா நம்மட சேர் மாதிரியெல்லா ஈக்கி" என்றான்.

எல்லோரும் சிரித்தீர்கள். நீயும் சிரித்தாய். என் கண்ணாடி கனமானது, வியர்வைக்கு எப்போதும் வழுக்கிக்கொண்டு வரும், நான் இரண்டு தட்டுத் தட்டி மேலே ஏற்றுவேன். முப்பது வருடமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் செய்து காட்டுகிற பகிடி அது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே சுற்றிவரப் பார்த்தேன். யாருக்கும் மனதில் எதுவும் ஓடவில்லை. ஆனால் ஒரு நாடகத்துக்கு நாங்கள் நாற்பது தரம் ஒத்திகை பார்க்கிறோம். முதல் தரம் சிரிப்பாகத் தெரிவது இருபதாம் தரம் கேள்வியாகத் தெரியும். அதற்குத்தான் ஒத்திகையே பார்ப்பது.

அன்று பின்னேரம் அந்த வரியை வெட்டினேன். அடுத்த ஒத்திகையில் நீ வந்து கேட்டாய்.

"சேர், மூக்கத் தொடுறத எடுத்திட்டீங்களே. அது நான் கண்ணால கண்டது."

"சாக்குக்குள்ள மூக்கு எங்க பிள்ளை தெரியப்போகுது? பின் வரிசையில இருக்கிறவனுக்கு அவன் ஈ கலைக்கிற மாதிரித்தான் இருக்கும்" என்றேன்.

நீ யோசித்துவிட்டு "ஓம் சேர்" என்றாய். நான் சொன்ன காரணம் சரியான காரணம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும். உன் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்வையாளர்கள் எழுபது நிமிடம் சாக்குக்குள் இருந்தது யார் என்று கேட்டுக்கொண்டு இருக்கப்போகிறார்கள். நாடகம் பதில் சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்த் தாங்களே தேடத் தொடங்குவார்கள். இந்த ஊரில் யார் அந்தக் கிழமை எங்கே இருந்தது, யார் எப்போது திரும்பி வந்தது என்று விரல் மடிப்பார்கள். அதனால் அவர்கள் கையில் ஒரு பதிலைக் கொடுத்து அனுப்புவதுதான் நல்லது. பதில் வசனத்தில் வரக் கூடாது. வசனத்தில் வந்தால் மறுத்துப் பேசலாம், பொலிசுக்குப் போகலாம். உடம்பில் வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

யாருடைய உடம்பு என்பதைத் தீர்மானிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. ஒரு கொப்பியின் கடைசித் தாளில் பெயர்களை எழுதி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஊர் ஏற்கெனவே நம்புவதற்கு ஆயத்தமாக இருக்கிற ஆளாக இருக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரிகிற ஒரு பழக்கம் வேண்டும். அதோடு, மற்றவர்களுக்கு அதிகம் கஷ்டம் வராத ஆளாகவும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் இரக்கமில்லாதவன் இல்லை. பிள்ளைகுட்டிக்காரர்களின் பெயர்களை முதலிலேயே வெட்டிவிட்டேன்.

கடைசியில் மிஞ்சியது இன்னாசிப்பிள்ளை.

உனக்கு அவரைத் தெரியும், உன் மாணவர்களுக்குத் தெரியாது. படகு எஞ்சின் திருத்துகிறவர். இறங்குதுறைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. மனைவி செத்துப் பத்து வருடம், பிள்ளை இல்லை, சொந்தக்காரர்கள் எல்லோரும் சிலாபத்துப் பக்கம். சண்டைக் காலத்தில் படைமுகாமிலிருந்து ஆள் அனுப்பினால் போய் அவர்களுடைய எஞ்சினையும் திருத்திக் கொடுத்துவிட்டு வருவார். போகமாட்டேன் என்று சொல்ல அவரால் முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போனவர் போனவர்தான். முப்பது வருடம் எஞ்சின் சத்தத்துக்குள் இருந்ததில் வலது காது செத்துப்போனது. யாராவது கதைத்தால் தலையை வலப்பக்கம் திருப்பி, இடது காதை முன்னுக்குக் கொண்டுவந்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்துவார். ஒரு கோழி தானியத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அந்தக் கரையில் வேறு யாருக்கும் அப்படி ஒரு தலை இல்லை.

அஸ்ஹானிடம் நான் அவரைப் போல நடி என்று சொல்லவில்லை. சொன்னால் நடிகன் வேசம் போடுவான், தானாகவே கண்டுபிடித்தால்தான் உடம்பில் ஊறும். "கைவேல செய்யிற ஒருத்தர்ட உடம்பப் பாத்துப் பழகு. இன்னாசியண்ணட கொட்டகையில ஒரு கிழமை போய்க் குந்து" என்று மட்டும் அனுப்பினேன். ஒரு கிழமையும் இன்னாசி அவனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டவும் காட்டிக் கொடுத்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை ஒத்திகையில், அதிகாரி காதுக்குள் கட்டளை சொல்கிற இடத்தில், சாக்கு மெதுவாக வலப்பக்கம் திரும்பி, இடது பக்கம் முன்னுக்கு வந்து, தாழ்ந்தது. பிறகு ஆடியது.

"இப்ப ஆள் உயிரா ஈக்கான் சேர்" என்று அஸ்ஹான் சந்தோசமாகச் சொன்னான்.

நான் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். பதினேழாம் பக்கத்தில், வெட்டிய வரிக்கு மேலே, 'காது - இ.' என்று பென்சிலால் எழுதினேன். உன் பிரதியில் ஓர் எழுத்தைக்கூட நான் கூட்டவில்லை.

கோயில் திருவிழாவுக்கு அடுத்த நாள் பின்னேரம், மைதானத்தில் போட்டோம். நடந்த இடமும் அதே மைதானம்தான். வெயில் தாழ்ந்து கடற்காற்று எழும்புகிற நேரம். முன் வரிசையில் இன்னாசிப்பிள்ளை இருந்தார், வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். அஸ்ஹான் நடிக்கிறான் என்று வந்தவர். அவருக்கு வசனம் ஒன்றும் கேட்டிருக்காது.

சாக்கு திரும்பித் தாழ்ந்தபோது சனத்துக்குள் ஒரு அசுமாத்தம், ஒரு சலசலப்பு, போனது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி, மெல்லச் சொல்கிறேன் என்று நினைத்துச் சொன்னாள்.

"இது இன்னாசிட தலையெல்லோ."

பார்வையாளர்கள் மேடையைப் பார்க்கவில்லை, முன் வரிசையைப் பார்த்தார்கள். நாடகம் முடிந்ததும் முதலில் எழும்பி நின்று கைதட்டியது இன்னாசிப்பிள்ளைதான். அவரோடு சேர்ந்து யாரும் தட்டவில்லை. நான் பக்கத் திரைக்குள் நின்று பார்த்தேன். நாற்பது வருட அரங்க வாழ்க்கையில் ஒரு நெறியாள்கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததை நான் கண்டதில்லை.

அடுத்த நாள் உன் அம்மா அவருடைய கொட்டகை வாசலுக்குப் போய், மண்ணை அள்ளித் தூற்றி, "என்ட புருசனத் திண்டவனே, நீ நாசமாப் போவாய்" என்று கத்தினதை நீ பார்த்தாய். நீயும் கூடப் போயிருந்தாய். அவர் தலையைச் சரித்து, காதை முன்னுக்குக் கொண்டுவந்து, என்ன சொல்கிறாய் தங்கச்சி, கொஞ்சம் பலமாகச் சொல்லு என்று கேட்டாராம். அதைக் கேட்டதும் உன் அம்மாவுக்கு இன்னும் ஆத்திரம் ஏறியதாம். ஆனால் ஒரு விசயம் நீயே பிறகு எனக்குச் சொன்னாய்: ஆறு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தா என்று. நான் அதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த மனுசிக்கு வெறுப்பதற்கு ஒரு முகம் கிடைத்தது. அதைக் கொடுத்தது நான்.

மாவட்டப் போட்டியில் முதலிடம் வந்தது. உனக்குச் சிறந்த பிரதிக்கான பரிசு கிடைத்தது. அந்தக் கேடயம் பள்ளிக்கூட அலுமாரியில் இப்போதும் இருக்கிறது.

இன்னாசியிடம் எஞ்சின் கொண்டுபோவதைச் சனம் நிறுத்தியது. சின்னப் பிள்ளைகள் அவரைக் கண்டால் தலையைச் சரித்துக் காட்டிவிட்டு ஓடினார்கள். பூசைக்குப் போனால் அவர் இருந்த வாங்குப் பலகையில் வேறு யாரும் இருப்பதில்லை. ஒரு நாள் காலையில் அவருடைய கிணற்றுக்குள் அழுகிய மீன் கிடந்தது. யார் வேலை என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஊர் இந்த மாதிரி ஏதாவது செய்யும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

ஐப்பசி மாதம் ஒரு காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். முதல் மழை பெய்திருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்காமல், வாசலோடு நின்றார். நன்றாக மெலிந்திருந்தார்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கணும். நான் ஆருக்கு என்ன செஞ்சன்? ஒருத்தரும் என்னோட கதைக்குதில்ல. நாடகத்தில என்னப் பத்தி என்னமோ வந்ததாம். எனக்குக் காது விளங்காதே. நீங்கதானே போட்டது, நீங்க சொல்லுங்க."

சொல்லிவிட்டு, பதிலைக் கேட்பதற்காகத் தலையைத் திருப்பி, இடது காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். காது மடலில் கிரீஸ் ஒட்டியிருந்தது. நான் அந்தக் காதுக்குள் சொன்னேன்.

"ஒண்டுமில்ல இன்னாசி. அது சும்மா நாடகம்."

"அப்ப நீங்க ஒருக்காச் சனத்துக்குச் சொல்லுங்களன் மாஸ்டர், அது நான் இல்லையெண்டு. நீங்க சொன்னா ஊர் கேக்கும்."

"சொல்றன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு போனார். நான் சொல்லவில்லை. ஒரு நெறியாளர் திரைக்கு முன்னால் வந்து நின்று, நீங்கள் விளங்கிக்கொண்டது பிழை என்று விளக்கம் கொடுக்கக் கூடாது. படைப்பு பார்வையாளர்களிடம் போய்விட்டால் அது அவர்களுடையது. இதை உனக்கும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அவர் இரண்டு கிழமை பொறுத்திருந்தார். சொல்வேன் என்று நம்பியிருப்பார் போல. பிறகு ஒரு விடியப்புறம், திருத்துவதற்கென்று யாரோ எப்போதோ விட்டுப்போன ஒரு படகைத் தள்ளிக்கொண்டு தனியே போனார். மூன்றாம் நாள் கற்பிட்டிக்கு அப்பால் வலை போட்டவர்கள் படகை மட்டும் இழுத்து வந்தார்கள். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, ஒரே இழுவையில் இயங்கியது என்று சொன்னார்கள். தாங்கியில் அரைவாசி எண்ணெயும் இருந்தது. அவருடைய செருப்பு படகின் முன்பக்கத்து அணியத்தில் ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆள் கிடைக்கவில்லை.

"போனதே ஒப்புக்கொண்ட மாதிரித்தானே" என்று ஊர் சொன்னது. கோயிலில் உடலில்லாமல் ஒரு பூசை வைத்தார்கள். அஸ்ஹான் உள்ளே வராமல் மதிலோரம் நின்றான். அதற்குப் பிறகு அவன் நடிக்கவே இல்லை. குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயம் செய்கிறான் என்று கேள்வி. நல்ல நடிகன், வீணாய்ப் போய்விட்டான்.

இனி நீ கேட்காத கேள்விக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்து ஏழு ஆவணியில், உன் அப்பாவைப் பிடித்த அந்தக் கிழமை, நான் விடைத்தாள் திருத்தக் கொழும்புக்குப் போயிருந்தேன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். போகத்தான் புறப்பட்டேன். சிலாபத்தில் பஸ் மாறுகிற இடத்தில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். பிறந்த இடம் வடக்கே சாவகச்சேரி என்று இருந்ததால் இறக்கினார்கள். யார், எந்த முகாம் என்பதெல்லாம் இப்போது அவசியமில்லை. மூன்று நாள் ஓர் அறைக்குள் இருந்தேன். என்னை அடித்தார்களா என்று கேட்பாய். ஒரு அடிகூட விழவில்லை. பாணும் பருப்பும் தந்தார்கள், தேத்தண்ணீரில் சீனி கூட அளவாகத்தான் இருந்தது. பக்கத்து அறையில் யாருக்கோ விழுந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஒருவர் வந்து மரியாதையாகக் கதைத்தார்.

"மாஸ்டர், ஒராளக் காட்டினா வீட்ட போகலாம்."

"எப்படியான ஆள்?" என்று கேட்டேன்.

"அது உங்கட விருப்பம்" என்றார்.

சாக்கைக் கவிழ்க்கும்போது கண்ணாடி துருத்திக்கொண்டு நின்றதால் கழற்றி வாங்கிவிட்டார்கள். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஐந்தடிக்கு அப்பால் முகம் தெரியாது. மைதானத்தில் நாற்பது, ஐம்பது பேர் நின்றிருப்பார்கள். எல்லோரும் கலங்கின தண்ணீருக்குள் நிற்கிற மாதிரித் தெரிந்தார்கள். உண்மையாகவே கஷ்டப்பட்டேன், நிரூபா. ஆள் மாறி, தெரியாமல் யாரையாவது காட்டிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். முகம் தெரியாவிட்டாலும் ஆட்கள் நிற்கிற நிலை எனக்குத் தெரியும், அது என் தொழில். எல்லோரும் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மட்டும் பாரத்தை இடது காலில் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, வலது கையை வயிற்றோடு சேர்த்து நின்றார். யோகேஸ்வரன் என் மேடையில் இரண்டு தரம் அரசனாக நின்றவன். தோற்றுப்போன அரசன், எதிரிக்கு முன்னால் பயத்தைக் காட்டாமல் எப்படி நிற்க வேண்டும் என்று ஒரு மாதம் அவனைப் பழக்கியது நான். பயம் வந்ததும் உடம்பு பழகினதைச் செய்திருக்கிறது. அந்த வரிசையில் சந்தேகமில்லாமல் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவன்.

முன்னால் போய் நின்றேன். சரியாகப் பார்த்துக்கொள்வதற்காகக் கண்ணாடியை மேலே ஏற்றினேன். கண்ணாடி இல்லை என்பது விரல் பட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பவும் ஒரு தரம் தொட்டேன், ஏன் என்று தெரியாது. பிறகு தலையை ஆட்டினேன்.

அடுத்த நாள் பின்னேரம் கொழும்பிலிருந்து வருகிறவன் மாதிரிப் பையோடு வந்து இறங்கினேன். உன் அம்மா ஓடிவந்து என் காலடியில் விழுந்தா. அன்றிலிருந்து அவவுக்காக மூன்று மொழியிலும் மனு எழுதியது நான், படத்தை ஒட்டியது நான், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் கூட்டிக்கொண்டு போனதும் நான். உன்னை என் பிள்ளை மாதிரி வைத்துப் படிப்பித்தேன். 'கற்பனை பண்ணாதே, கண்டதை எழுது' என்று உனக்குச் சொல்லித் தந்ததும் நான்தான். நீ சொன்னபடி கேட்கிற பிள்ளை.

என்னுடைய பிரதியை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். எரித்திருக்கலாம். உனக்கு அந்தக் குறிப்பு மறந்தே போய்விட்டது, அம்மாவும் இல்லை, இன்னாசியும் இல்லை, என்னைக் கேட்க யாரும் வரப்போவதில்லை. இரண்டு தரம் அடுப்படிக்குக் கொண்டுபோனேன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது மனம் வரவில்லை. நாற்பது வருடத்தில் நான் செய்த பிரதி ஆய்வுகளில் இவ்வளவு முழுமையானது வேறொன்றும் இல்லை. நீலம், சிவப்பு எல்லாம் மங்காமல் இருக்கின்றன. உன் மாணவர்கள் பார்க்கட்டும். இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். சாக்குக்குள் இருந்தது நான். இன்னாசிப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

கடைசியாக ஒரு விசயம். பதினேழாம் பக்கத்தில் நான் வெட்டினதை நீ திரும்பச் சேர்ப்பாய் என்று எனக்குத் தெரியும். சேர்த்துக்கொள். ஆனால் நடிகனை ஒரு தரம் மட்டும் தொடச் சொல், நிரூபா. இரண்டு தரம் தொட்டால் சபை சிரித்துவிடும்.